பிறந்த ஊர்: கடலூர் ஓ.டி.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி வடக்கே போனால், முள்ளோடையில் மாநிலம் மாறிவிடும். இன்றைக்கு அந்த எல்லையில் கண்ணுக்குப் படுவது மதுக்கடைகளின் வரிசை மட்டும்தான். 1954 நவம்பர் 1 வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. ஆட்சிகள் வேறு என்பதற்காகக் கொள்வினை கொடுப்பினையை யாரும் நிறுத்தவில்லை. பாகூர் மாப்பிள்ளைக்கு மஞ்சக்குப்பத்தில் பெண் எடுப்பார்கள், வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு வருவாள், தலைப்பிரசவம் அங்கேதான். பிள்ளையின் தகப்பன் சட்டப்படி பிரெஞ்சு நாட்டவன். பிறந்த இடம் கடலூர். அந்தப் பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்விக்குப் பிற்காலத்தில் இந்தப் பிரசவமே விடையானது.

புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அதன்படி, பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 1963 பிப்ரவரி நடுவில் அந்தக் கெடு முடிந்தது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனா வரை போய்வந்த 'சொல்தா' குடும்பங்கள் இதில் நிறைய. மற்றவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை, இந்தியர் ஆனார்கள்.

ஆனால் ஒப்பந்தம் பேசியது அந்தப் பகுதிகளில் பிறந்தவர்களைப் பற்றி மட்டுமே. பிரெஞ்சுத் தகப்பனுக்குக் கடலூரிலோ திண்டிவனத்திலோ பிறந்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் எழுதிக் கொடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தின் பார்வையில் அவருடைய குடியுரிமை அப்படியே இருந்தது. ஒரே வீட்டில் புதுச்சேரியில் பிறந்த தம்பி 1962இல் இந்தியன். தாய்வீட்டுப் பிரசவத்தில் கடலூரில் பிறந்த அண்ணன் தனக்கே தெரியாமல் பிரெஞ்சுக்காரன். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரீசில் வேலை தேடத் தொடங்கிய பிறகுதான் பல வீடுகளில் தாத்தா எங்கே பிறந்தார் என்ற கேள்வியே எழுந்தது.

இன்னொரு நாட்டின் குடிமகனாவது என்றால் தூதரகம், நேர்காணல், உறுதிமொழி என்று நினைக்கிறோம். அவை கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய காலமும் அலைச்சலும் பெரும்பாலும் சொந்த ஊரில்தான் கழிகின்றன: நகராட்சியில், தாலுகா அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், நோட்டரி வக்கீல் மேஜை போட்டிருக்கும் கோர்ட் வாசலில். பாரீசும் வாஷிங்டனும் சிங்கப்பூரும் கேட்கிற கேள்விக்குப் பதில் கடலூர், சிதம்பரம் பதிவேடுகளில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதியவர்கள் இதற்காக எழுதவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பொருந்தாமையைப் பற்றியது.

பழைய சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புக் கணக்கு சுகாதாரத் துறைக்காக எடுக்கப்பட்டது. காலராவில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று மேலே அனுப்ப எண்ணிக்கை வேண்டும். நகரத்தில் நகராட்சியும் கிராமத்தில் முன்சீப்பும் எழுதினார்கள். தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு என்று ஒரு வரி. பிள்ளைக்கு அன்று பெயரே வைத்திருக்க மாட்டார்கள். பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவம் என்றால் அந்த ஒரு வரியும் நிச்சயமில்லை. 1980இல் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பழைய ஏடுகளைத் தேடுகிறவர் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று இரண்டு பக்கமும் நடக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் 'எத்தா சிவில்' பதிவை வைத்துப் பாருங்கள். அது முழுப் பத்தியாக எழுதப்பட்ட ஆவணம்: தகப்பன், தாய் பெயர், வயது, தொழில், சாட்சிகள், கையெழுத்துகள். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகளை இன்று நாந்த் நகரத்து மத்திய அலுவலகம் வைத்திருக்கிறது. குடியுரிமைச் சான்று கேட்டு விண்ணப்பிக்கும் புதுச்சேரிக் குடும்பம், தாத்தாவின் தகப்பன் பதிவை அந்த வகையில் சுலபமாக எடுத்துவிடும். சங்கிலி அறுவது தாத்தாவின் பிறப்பில்: கடலூர்ப் பதிவேட்டின் அந்த ஒற்றை வரியில், பெயரில்லாத ஆண் குழந்தையாக. அந்தக் குழந்தையும் பின்னாளில் கல்யாணம் செய்துகொண்டு பாரீஸ் போன பேரனின் தாத்தாவும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவர்களின் வழக்கைப் பாரீஸ் நீதிமன்றம் பார்க்கிறது. அதன் எழுத்தருக்கு வளைகாப்பு என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

காலமும் ஒரு கதவை மூடியிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடும்பமே வெளிநாட்டில் வாழ்ந்து, பிரெஞ்சுக் குடிமகனாக நடந்துகொண்டதற்கு எந்த அடையாளமும் இல்லாவிட்டால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கவே அனுமதி இல்லை என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டம். 1962இலிருந்து எண்ணினால் 2012இல் அந்த ஐம்பது முடிகிறது. தகப்பன் காலத்திலேயே தூதரகத்தில் பெயர் பதிந்து வைத்த வீடு தப்பித்தது. பெட்டியில் காகிதத்தைப் பூட்டி வைத்த வீட்டுக்குக் காகிதம் மட்டும்தான் மிச்சம்.

இன்னொரு பழைய ஏற்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் சப்பாத்து அணியும் உரிமைக்குப் போராடிய வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை அப்படித்தான் லா போர்த் ஆனார். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்ற சிக்கலை பிரெஞ்சு அரசு நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே ஒரு ஆணை போட்டுத் தீர்த்துவிட்டது, தன் வசதிக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். பள்ளிச் சான்றிதழில் 'ஆர். செந்தில்குமார்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, பெயர்க் கட்டத்தில் 'செந்தில்குமார் ராமலிங்கம்'. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, தகப்பன் பெயர் மட்டும் 'ராமலிங்க படையாட்சி'. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டத்தில் 'செந்தில் குமார்', நடுவில் இடைவெளியோடு. நம் கண்ணுக்கு நான்கும் ஒரே ஆள். அமெரிக்கக் கணினிக்கு நான்கு பேர். பெயர் முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குள் போய்விட்டால், முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு அடையாளமாக 'எஃப்.என்.யூ' என்று விசாவில் அச்சிட்டுவிடுவார்கள். ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் அது ஒட்டிக்கொண்டு கூடவே வரும். இதைத் திருத்த அபிடவிட், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, அதன் பிறகு பாஸ்போர்ட் திருத்தம் என்று ஒரு வரிசை இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு முன்னால் செய்து முடித்தால் செலவோடு போய்விடும். விண்ணப்பம் போன பிறகு செய்தால், ஏன் இப்போது மாற்றினீர்கள் என்று இன்னொரு விளக்கக் கடிதம்.

ஊர்ப்பெயரும் சும்மா இருப்பதில்லை. 1993 வரை இந்த மாவட்டம் தென்னாற்காடு. பிறகு கொஞ்ச காலம் தென்னாற்காடு வள்ளலார். அதன் பிறகு கடலூர். பழைய சான்றிதழில் பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ'வாக இருக்கும். கடலூரிலேயே என்.டி. ஒன்று, ஓ.டி. ஒன்று, புதுநகரம், பழைய நகரம் என்பதன் சுருக்கம் என்று டொராண்டோவில் இருக்கும் அதிகாரிக்கு யார் சொல்வது? சிதம்பரத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனது. அங்கே படித்த மருத்துவர் வெளிநாட்டில் பதிவு கேட்கும்போது, இரண்டும் ஒன்றே என்று கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பிறப்புப் பதிவே இல்லாதவர் நிலை வேறு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்து, பெரும்பாலான மாநிலங்களில் 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியவர்களிடம், பதிவேட்டில் பெயர் இல்லை என்று அந்த அலுவலகமே தரும் சான்றையும், பள்ளி ஆவணத்தையும், மூத்த உறவினர் இருவரின் அபிடவிட்டையும் அமெரிக்கக் குடிவரவுத் துறை ஏற்றுக்கொள்கிறது. இல்லாததற்குச் சான்று வாங்குவது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் எழுத்தர் எல்லா ஆண்டுகளின் ஏட்டையும் புரட்டிப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமே. பின்னால் வந்தவர்களுக்குத் தாமதப் பதிவு உண்டு. ஓராண்டு கடந்துவிட்டால் முன்பு குற்றவியல் நடுவர் ஆணை வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் நிர்வாக நடுவர்களுக்கு வந்திருக்கிறது. அதே திருத்தத்தால், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். பள்ளிச் சான்றிதழை வைத்துச் சமாளித்த காலம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. 2005 முதல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், முத்திரை வாங்கத் தூதரகம் தூதரகமாக ஓடுவது மட்டும் குறைந்திருக்கிறது.

குடியுரிமை தரும் நாடுகள் கேட்பவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அவை இணையத்தில் தெளிவாகக் கிடைப்பவை. கனடா ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாள் உள்ளே இருந்த கணக்குக் கேட்கும். பிரிட்டன் 24 கேள்வி கேட்டு 18 சரியாக எதிர்பார்க்கும். பிரான்ஸ் 2026 முதல் மொழித் தேர்வைக் கடினமாக்கி பி2 நிலை கேட்கிறது. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இரண்டு ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். பையன்களுக்குத் தேசிய சேவை உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டு வந்து ஐந்து ஆண்டு. அந்த கிரீன் கார்டுதான் வராது: எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால் இந்தியர் வரிசை பல ஆண்டுகளுக்கு நீள்கிறது. வளைகுடாவில் கதையே வேறு. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் முப்பது வருடம் சவுதியிலோ துபாயிலோ இருந்து திரும்பியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் தேர்வும் இல்லை, ஏனென்றால் குடியுரிமைக்கு நடைமுறையில் வழியே இல்லை. வேலை போனால் அனுமதி போகும். அனுமதி போனால் ஊர்.

இதுவரை சொன்னது கடலூரிலிருந்து வெளியே போகிறவர்கள் கதை. கடலூருக்கு வந்து இந்தியக் குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களைத்தான் சொல்கிறேன். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டிக் கொடுத்தது. குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போய், காவல்துறையின் கியூ பிராஞ்ச் விசாரணையோடு சென்னை, அங்கிருந்து டெல்லி. புலம்பெயர்ந்து கனடா போன இலங்கைத் தமிழரின் பிள்ளை அங்கே பிறந்த அன்றே குடிமகன். இங்கே முகாமில் பிறந்து, சத்துணவு சாப்பிட்டு, தமிழ் வழியில் பட்டம் வாங்கிய பிள்ளை வெளிநாட்டவன்.

காரணம் ஒரு தேதி. இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதி 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை இன்னும் இறுகி, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலே பிள்ளைக்கு இல்லை. 1983 கலவரத்துக்குப் பின் படகில் வந்த ஒரு தாய்க்கு 1986இல் மண்டபத்தில் பிறந்த மகள் இந்தியக் குடிமகள். 1988இல் அதே முகாமில் பிறந்த மகன் அல்ல. இது கற்பனையான வாதம் இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது; 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். வழக்கைத் தாங்கி நின்றது பிறப்புச் சான்றிதழ் என்ற ஒரே காகிதம். 1983க்கும் 1987க்கும் இடையில் முகாம்களில் பிறந்த ஒவ்வொருவரும் தம் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டார்களா என்பதைத் தொண்டு நிறுவனங்கள் முகாம் முகாமாகச் சரிபார்க்க வேண்டும். நீதிமன்றம் தனித்தனியாகத் திறந்த கதவு அது; நிர்வாகம் மொத்தமாகத் திறந்திருக்கலாம்.

மலையகத்திலிருந்து வந்தவர்கள் கதை இன்னும் சுற்றுவழி. 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஒப்பந்தத்தின்படி ஊர் திரும்பியவர்கள் குடும்ப அட்டையோடு வந்தார்கள், குடிமக்கள் ஆனார்கள். கலவரத்துக்குப் பயந்து அட்டையில்லாமல் படகேறியவர்கள் அகதிகள் ஆனார்கள். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்குப் போனவர் என்பது இருவருக்கும் பொது. இவர்களை இந்திய வம்சாவளியினராகக் கருதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019இல் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. தண்டனை இல்லை என்பது ஒரு படி; குடியுரிமை அதற்கு நெடுந்தூரம். முகாமில் நாற்பது வருடம் இருந்தவரிடம் இருக்கும் காகிதங்களோ மிகச் சுத்தமானவை. பணக்கொடைப் பதிவு, வருகைப் பதிவு, அகதி அடையாள அட்டை என்று அவர் எங்கே, எந்த நாளில் இருந்தார் என்பது அரசிடமே இருக்கிறது. சிதம்பரத்துச் செந்தில்குமாருக்கு இவ்வளவு ஒழுங்கான ஆவணம் கிடையாது.

வெளிநாட்டுக் குடியுரிமை கிடைத்த அன்றே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். 1955 சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படி. பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ரத்து முத்திரையும் ஒப்படைப்புச் சான்றும் வாங்க வேண்டும். 2022இல் 2,25,620 பேர், 2023இல் 2,16,219 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பதிலுக்கு 2005 முதல் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை என்று ஊரில் சொல்வார்கள். ஓட்டும் இல்லை, அரசு வேலையும் இல்லை என்றால் அது என்ன குடியுரிமை? ஆயுள் விசா என்பதே சரி.

டெல்டாக் குடும்பங்களுக்கு இதில் உறைப்பது நிலம். வீராணம் பாசனத்தில் நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் தகப்பனார், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க நினைப்பார். விவசாய நிலத்தை ஓ.சி.ஐ.காரர் விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் குடியிருப்பவருக்கும் இதே விதிதான் என்பது பலருக்குத் தெரியாது. குடியுரிமை மாறியதால் வந்த வினை என்று நினைக்கிறார்கள். வாரிசுரிமையாக வருவதற்குத் தடை இல்லை. அதற்கு இறப்புச் சான்றிதழும் தாலுகா அலுவலகத்து வாரிசுச் சான்றிதழும் வேண்டும். மகன் பெயரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி எழுதுவதா, புதிய பாஸ்போர்ட்டில் உள்ளபடியா என்று வி.ஏ.ஓ. விசாரணையிலேயே கேட்டுவிடுவார்.